இடிபாடு, கருங்கல் ரெண்டுக்கும் ஒரே மொபைல் க்ரஷர் போதுமா?

மதுரவாயல் காண்ட்ராக்டர்:
பழைய கட்டடம் இடிக்கிற வேலை எடுக்கிறோம். ஸ்லாப், பீம், செங்கல் எல்லாம் கலந்துதான் வரும். உத்திரமேரூர் பக்கம் ஒரு குவாரியிலும் உடைச்சுத் தரக் கேக்கிறாங்க. டிராக் வச்ச மெஷின் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம். ரெண்டு தகட்டுக்கு நடுவுல நசுக்கிற ஜா க்ரஷரா, சுத்தற உருளையால அடிச்சு உடைக்கிற இம்பாக்டரா? ஜிஎஸ்பியும் (ரோட்டுக்கு அடியில போடுற கல்-பொடிக் கலவை) முக்கால் ஜல்லியும் (20 மி.மீ.) எடுக்கணும்.

க்ரஷர் ஃபோர்மேன்:
ஜா மட்டும் வச்சு முக்கால் ஜல்லி எடுக்க முடியாது சார். 1000-க்கு 600 மி.மீ. வாய் உள்ள ஜாவுல அடி இடைவெளியை 50 மி.மீ. வச்சாலும் வெளியே வர்ற பெரிய கல் 75 மி.மீ. கிட்ட இருக்கும். ஜிஎஸ்பிக்கு அது சரி. 20 மி.மீ. வேணும்னா பின்னாடி கோனோ (கூம்பு வச்சு நசுக்கிற க்ரஷர்) இம்பாக்டரோ, கூடவே ஸ்கிரீனும் (சல்லடை) வேணும். ஸ்கிரீன்ல நின்ன பெரிய கல்லு திரும்ப க்ரஷருக்கே போகணும்.

காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கம் கிடைக்கிற கருங்கல் பெரும்பாலும் சார்னகைட். குவார்ட்ஸ்ங்கிற கடினமான கனிமம் இருக்கிற கல், இம்பாக்டர்ல போட்டா ப்ளோ பாரை (கல்லை அடிக்கிற இரும்புப் பட்டை) தின்னுடும். அதுக்கு ஜா, அடுத்து கோன்தான் கட்டுப்படியாகும். ஒரே மெஷின்னா ஜா வாங்குங்க. ரெண்டாவது மெஷினை ஆர்டர் வரும்போது வாடகைக்கு எடுத்துக்கலாம்.

பெருங்குடி வாசகர்:
இடிபாடுதான் முக்கால்வாசி வேலைன்னா என் ஓட்டு இம்பாக்டருக்கு. ஒரே ஓட்டத்துல கல்லு சின்னதாகும், வடிவம் நல்லா வரும், கம்பியும் கான்கிரீட்டும் சுத்தமாப் பிரியும். ஆனா கம்பி வர்ற சரக்குக்கு ஹை குரோம் (குரோமியம் அதிகம் உள்ள) ப்ளோ பார் போடவே கூடாது. தேய்மானம் தாங்கும், கனமான இரும்பு மோதினா உடைஞ்சிடும். உடைஞ்ச துண்டு உள்ளேயே சுத்தி பக்கத்து பாரையும் லைனரையும் (உள்சுவர்த் தகடு) காலி பண்ணும். மோதலைத் தாங்குற மார்ட்டென்சிடிக் ஸ்டீல் பார் கேட்டு வாங்குங்க.

மதுரவாயல் காண்ட்ராக்டர்:
மேக்னட் இருக்குல்ல? கம்பியை அது எடுத்துக்காதா?

க்ரஷர் ஃபோர்மேன்:
மேக்னட் க்ரஷருக்குப் பின்னாடி, பெல்ட்டுக்கு மேல இருக்கு. சேதம் அதுக்கு முன்னாடியே நடந்துடும். நீளக் கம்பி வாயிலிருந்து நேரா இறங்கி அடிப் பெல்ட்டுல குத்தி நிக்கும், பெல்ட் ஓட ஓட நீளவாக்குல கிழியும். பிரேக்கரால ஸ்லாபை உடைச்சு, நீட்டிட்டு இருக்கிற கம்பியை ஷியரோ (கம்பி வெட்டுற கத்தரி) கேஸ் கட்டரோ வச்சு அரை மீட்டருக்குள்ள நறுக்கிட்டுப் போடுங்க. கான்கிரீட் ஒட்டின கம்பியை மேக்னட்டும் தூக்காது.

600 வாய்க்கு 480 மி.மீ. மேல கல் போட வேண்டாம். பாலம் மாதிரி குறுக்கே நிக்கும், ஆள் இறங்கித் தள்ளப் பார்ப்பாங்க. இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, ஃபிளைவீல் நின்ன பிறகுதான் எந்த அடைப்பையும் தொடணும். இதுல சமரசமே கூடாது.

இன்னொண்ணு, டாகிள் பிளேட் (ஜாவோட அசையற தகட்டைப் பின்னாடி தாங்குற தகடு) அடிக்கடி உடையுதுன்னு லோக்கல்ல கனமான பிளேட் அடிச்சுப் போடுறவங்க இருக்காங்க. அது உடையறதுக்குன்னே வச்ச பார்ட். அது உடையலைன்னா ஷாஃப்டும் பேரிங்கும் போகும்.

தர ஆய்வாளர்:
விக்கிற பக்கத்தையும் பாருங்க. ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 383, 2016 பதிப்பின்படி உடைச்ச கான்கிரீட் ஜல்லியை எம்25 (கான்கிரீட் வலிமை அளவு) வரையிலான கம்பி கான்கிரீட்டுல 20 சதவீதம், கம்பியில்லாததுல 25 சதவீதம், எம்15-க்குக் கீழான லீன் (சிமெண்ட் குறைவான) கான்கிரீட்டுல முழுசாவும் சேர்க்கலாம். செங்கல் கலந்த சரக்குக்கு லீன் கான்கிரீட் மட்டும்தான். அதனால இடிக்கிற இடத்துலேயே செங்கலைத் தனிக் குவியலாக்குங்க. க்ரஷர்ல போன பிறகு பிரிக்கவே முடியாது.

ஜிஎஸ்பியில 425 மைக்ரான் சல்லடையில சலிச்ச பொடியோட பிளாஸ்டிசிட்டி இன்டெக்ஸ் (களித்தன்மை அளவு) 6-ஐத் தாண்டக் கூடாது. இடிபாட்டோட வர்ற களிமண்தான் இதைக் கெடுக்குது. ப்ரீ-ஸ்கிரீன் (க்ரஷருக்கு முன்னாடி இருக்கிற சல்லடை) மண்ணைப் பக்க பெல்ட்டுல தனியாத் தள்ளணும். அந்த பெல்ட் இல்லாத மாடலை வாங்காதீங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில ஈர மண் அந்தச் சல்லடைக் கண்ணையே அடைச்சிடும். குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடி வைங்க.

தூசிக்கு தண்ணி நாசில் வாய்ப்பக்கமும் பெல்ட் கொட்டற முனையிலும் போதும். அதிகமா அடிச்சா பொடி சேறாகி ரோலர்ல ஒட்டும், பெல்ட் ஒரு பக்கமா ஓடும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியை மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடியே விசாரிச்சுடுங்க.