மறுமொழி: உருண்டு தடித்த எழுத்துருவுக்கு என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம். கோடு பருத்து, முனை உருண்ட எழுத்துருவுக்குத் தமிழில் ஒரு பெயர் கேட்டதற்கு இங்கே வந்த பரிந்துரைகளைப் பற்றி என் கருத்து இது.

'தடிமன் எழுத்துரு' வேண்டாம். இலங்கையில் எங்கள் பக்கம் தடிமன் என்றால் சளி, மூக்கு ஒழுகும். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு அச்சகத்துக்குப் போய் "தலைப்புக்குத் தடிமன் எழுத்துப் போடுங்கோ" என்றால், "கொத்தமல்லி அவிச்சுத் தரட்டோ?" என்று கேட்பார்கள்.

கோவை நண்பர் தந்த 'கொழுவெழுத்து' காதுக்கு இனிமைதான். ஆனால் இலங்கையில் கொழுவல் என்றால் சண்டை. சிரித்துக்கொண்டு வரவேண்டிய எழுத்து சண்டைக்கு வந்து நிற்கும். 'குண்டெழுத்து' என்பது தமிழகத்தில் பாராட்டு என்று தெரியும். கொழும்பில் ஒரு முன்பள்ளிப் பதாகையைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல் எனக்கு வாயில் வராது.

'வட்ட எழுத்து' என்றால் தமிழின் பழைய எழுத்துமுறையான வட்டெழுத்து குறுக்கே நிற்கிறது. அதைவிட, எது வட்டம் என்பதிலேயே குழப்பம். தமிழில் ண, ஞ, இ எல்லாமே முதலிலேயே சுழிந்தவை. நாம் பேசுவது எழுத்தின் வளைவை அல்ல, கோட்டின் முனையை. 'ட'வை எடுத்துக்கொள்ளுங்கள், முழுக்க நேர்கோடு. கோட்டைப் பருக்கவைத்து, முனைகளையும் மூலையையும் உருட்டிவிட்டால் ரப்பர் குழாயை மடித்து வைத்த மாதிரி ஆகிவிடும். தமிழில் பலூ தம்பி எழுத்துருவைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். லத்தீன் எழுத்துருக்களில் 1922இல் வந்த கூப்பர் பிளாக்குக்குச் செரிப் (கோட்டு முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கால்) உண்டு, ஃபோக்ஸ்வாகனுக்காக 1979இல் செய்த வாக் ரவுண்டடுக்குக் கிடையாது. இரண்டையும் தாங்குகிற சொல் வேண்டும்.

என் பரிந்துரை: திரளெழுத்து.

'உருண்டு திரண்ட' என்கிறோம், 'திரண்ட தோள்' என்கிறோம். உருட்சியும் பருமனும் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. மக்கள் திரள்தானே நினைவுக்கு வரும் என்று யாராவது கேட்பீர்கள். சரி, குழந்தைக்கு ஊட்டுகிற சோற்றுத் திரளையை நினைத்துக்கொள்ளுங்கள்.

'நட்பெழுத்து', 'குறும்பெழுத்து' இரண்டுக்கும் என் வாக்கு இல்லை. பெயர் வடிவத்தைச் சொன்னால் போதும், குணத்தைப் பார்ப்பவர் சொல்லட்டும். மரண அறிவித்தலை இதில் அடித்தாலும் திரளெழுத்து திரளெழுத்துத்தான். (தயவுசெய்து அடிக்காதீர்கள்.)

அப்புறம், இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. போன மாதம் ஒரு ஐஸ்கிரீம் கடைப் பலகைக்கு 'வண்ணக் குளிர்களி' என்று இந்த வகையில் எழுதினேன். கணினித் திரையில் அழகு. கொழும்புக் காலி வீதியின் (Galle Road) மறுபக்கத்தில் நின்று பார்த்தால் 'ண்ண' இரண்டு கரும்பொட்டு. சுழிக்குள் இருந்த வெள்ளை அடைபட்டுப் போயிற்று. பக்கத்திலிருந்த சிங்கள எழுத்துகளில் உள்ளிடம் தாராளமாக இருந்ததால் அவை தப்பிவிட்டன. கடைசியில் ண-வை மட்டும் அகலமாக்கி, உட்கோடுகளை மெலித்து மறுபடி வரைந்தேன்.

அந்த உள்வெள்ளைக்கு நம்மிடம் நல்ல சொல் இல்லை. வலைக்கண், தேங்காய்க்கண் மாதிரி 'எழுத்துக்கண்' என்று வைக்கலாமா?