மறு: ஹிட்ச் செய்வதற்குத் தமிழ் – "மாட்டியாச்சு" என்றால் மாட்டியது யார்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

காருக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டுவதை ஆங்கிலத்தில் ஹிட்ச் என்கிறார்களே, அந்த ஒற்றைச் சொல்லுக்குத் தமிழ் கேட்டுப் போன வாரம் எழுதினேன். வந்த பதில்களைப் படிக்கவே இரண்டு மாலை ஆனது. ஒவ்வொருவருக்கும் தனியாக எழுத முடியாததால் சேர்த்து எழுதுகிறேன். இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்ததை மட்டும் சுருக்கமாக மறுபடி சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆச்சி மகன் டெக்சாசில் இருக்கிறான். (காரைக்குடிப் பக்கம் நாங்கள் அக்காவைத்தான் ஆச்சி என்போம். பாட்டியின் மகன் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்.) விடுமுறைக்குப் போக, படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற டிராவல் டிரெய்லர் ஒன்றை வாடகைக்கு எடுத்தான். வாடகைக் கடை ஆளும் இவனுடைய நண்பனும் சேர்ந்து அதைக் காருக்குப் பின்னால் மாட்டினார்கள். ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடியே இவன் "மாட்டியாச்சா?" என்றான். நண்பன் "மாட்டியாச்சு" என்றான். கடை வாசலில் இருந்த முதல் வேகத்தடையிலேயே டிரெய்லர் கழன்றுவிட்டது. காரில் இருக்கும் உருண்டையைக் கவ்வ வேண்டிய மூடி, அதன் தலையில் வெறுமனே உட்கார்ந்திருந்திருக்கிறது. மேலே இருந்து பார்த்தால் எல்லாம் சரியாகப் பூட்டியதுபோலத்தான் தெரியுமாம். அடியில் சங்கிலி இருந்ததால் கார்க் கதவில் ஒரு நெளிசலோடு போயிற்று. கடைக்காரர், "ஓட்டுகிறவர்தான் பார்த்திருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார். ராத்திரி போனில் கேட்டான்: "அம்மான், மாட்டினது அவங்க. பொறுப்பு மட்டும் எனக்கா?"

ஆமாம், உனக்குத்தான் என்றேன். அவனுக்கு என் மேல் கோபம். அதற்கப்புறம், அடுத்த பயணத்துக்குத் தமிழில் ஒரு சரிபார்ப்பு அட்டை எழுதித் தருவதாகச் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

இனி உங்கள் மடல்கள்.

> "இணைப்பு" என்று வைத்துவிட்டுப் போங்களேன். எதற்கு இவ்வளவு பாடு?

தேவகோட்டை அண்ணனுக்கு: மின் இணைப்பு, கேஸ் இணைப்பு, கடிதத்துக்கு இணைப்பு, இணையத்தில் இணைப்பு என்று அந்தச் சொல் ஏற்கெனவே நான்கு வீட்டுக்கு வேலை பார்க்கிறது. அதோடு, இணைப்பு என்றால் இரண்டும் சமம் என்ற தொனி வரும். இங்கே ஒன்று இழுக்கிறது, மற்றது இழுபடுகிறது.

நம்மிடம் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் உண்டு. மாட்டை வண்டியில் பூட்டுவது, ஏரைப் பூட்டுவது, வண்டியைப் பூட்டிக்கொண்டு புறப்படுவது. நுகத்தடியோடு மாட்டின் கழுத்தைச் சேர்த்துக் கட்டுவது பூட்டாங்கயிறு. சாவி போட்டுப் பூட்டுவதோடு குழப்பம் வராதா என்று மதுரையிலிருந்து ஓர் அம்மா கேட்டிருந்தார். வீட்டைப் பூட்டினான், மாட்டைப் பூட்டினான் என்ற இரண்டையும் எந்தக் குழந்தையும் குழப்பிக்கொள்வதில்லை. ஆகவே ஹிட்ச் செய்தலுக்குப் பூட்டுதல் என்பது என் முடிவு.

டிரெய்லருக்கு "இழுவை" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். இழுவை என்று டிராக்டரையும் சொல்கிறோம், அதன் பின்னால் போவதையும் சொல்கிறோம். "இழுவண்டி" என்றாலும் அதே கதைதான். வினைத்தொகை என்பதால் இழுக்கும் வண்டியா, இழுபடும் வண்டியா என்று இரண்டு பக்கமும் திரும்பும். "தொடர்வண்டி" ரயிலுக்குப் போய்விட்டது. 1988 மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரை, மோட்டார் வண்டி இழுக்கிற அல்லது இழுப்பதற்கென்று செய்த வண்டி என்கிறது. செமி டிரெய்லரும் சைடுகாரும் அதில் சேராது. பின்னால் வருவது என்பதே அதன் குணம் என்றால் பின்வண்டி போதுமே. ஆத்தங்குடிப் பக்கம் கல் ஏற்றிப் போகிற டிராக்டர்க்காரர்கள் "பொட்டி" என்கிறார்கள். பேச்சில் அது இருக்கட்டும், அதை யாரும் மாற்றப் போவதில்லை. படுக்கை அடுப்போடு வருவதைக் கூண்டுப் பின்வண்டி எனலாம். கூண்டு வண்டியில் போன தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது.

அடுத்தது உறுப்புகள். காரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு உருண்டை: குமிழ். பின்வண்டியின் முனையில் அதன் மேல் கவிந்து பிடிப்பது: கவ்வி. கதவுக் கொண்டியும் நாதாங்கியும் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் கொண்டி இப்படி எல்லாப் பக்கமும் சுழலாது. ஒரு தகவல்: அமெரிக்காவில் குமிழ் ஒரே அளவில் வருவதில்லை. 2 அங்குலமும் உண்டு, 2 5/16 அங்குலமும் உண்டு. பெரிய கவ்வியைச் சின்னக் குமிழில் வைத்தால் உட்கார்ந்துகொள்ளும், பூட்டவும் செய்யும். மேடுபள்ளத்தில் ஏறும்போதுதான் எகிறும். அளவைப் பெரும்பாலும் இரண்டிலுமே பொறித்திருப்பார்கள், குனிந்து படிக்க வேண்டும்.

பின்வண்டியின் முன்னால் நீளும் சட்டத்துக்கு ஏர்க்கால். அதில் மறுப்பு வராது என்று நினைக்கிறேன்.

> நாக்கு எடை என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். சாப்பாட்டு ராமன்களுக்கு வைத்த பெயரா?

சிரித்துவிட்டேன். பின்வண்டியின் முன்முனை குமிழின் மேல் அழுத்தும் எடையை ஆங்கிலத்தில் "டங் வெயிட்" என்பார்கள், அதைத்தான் அப்படியே பெயர்த்திருக்கிறார்கள். இந்த இடத்தில் நாம் புதிதாக உருவாக்க வேண்டியது எதுவுமே இல்லை. வண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் என்றுதானே சொல்வார்கள்? பாரம் பின்னால் கூடினால் ஏர்க்கால் மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்னால் கூடினால் நுகத்தடி கழுத்தை அழுத்தும், மாடு நடக்காது. சின்ன வயதில் நெல் மூட்டை ஏற்றும்போது, "ஒரு மூட்டையை முன்னால தள்ளு" என்று எங்கள் வண்டிக்காரர் சத்தம் போடுவார். ஏர்க்காலை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார், அதுதான் அவருக்குத் தராசு.

காருக்கும் இதே கணக்குதான். பின்வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை குமிழின் மேல் இறங்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். 2,000 கிலோ வண்டியென்றால் 200 முதல் 300 கிலோ. குறைந்தால் வேகம் எடுக்கும்போது பின்வண்டி பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். கூடினால் காரின் பின்புறம் தாழ்ந்து முன்சக்கரத்தில் பாரம் குறையும், ஸ்டியரிங் பிடிமானம் தளரும். மாட்டின் கழுத்து சொன்னதைத்தான் இங்கே ஸ்டியரிங் சொல்கிறது. முன்பாரம் என்று எழுதினால் செட்டிநாட்டில் ஐம்பது வயதைத் தாண்டிய யாருக்கும் விளக்கவுரை தேவைப்படாது.

சங்கிலிக்குப் "பாதுகாப்புச் சங்கிலி" என்று எல்லாரும் ஒத்துக்கொண்டுவிட்டீர்கள். நான் மட்டும் பிடிவாதமாக வேறு சொல்கிறேன்: சேமச் சங்கிலி. உப்பு வணிகர் வண்டியின் கீழ்மரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனதை ஔவையார் புறநானூற்றில் (102) பாடுகிறார். இளம் எருது, நுகம் பழகாதது. வண்டியிலோ பெரும் பாரம். பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன ஆகுமோ, யார் அறிவார்? அதற்காகக் கட்டியதுதான் "சேம அச்சு". அதுவும் வண்டிக்கு அடியில்தான் இருந்தது, நம் சங்கிலியும் அடியில்தான் இருக்கிறது. இரண்டு சங்கிலியையும் ஏர்க்காலுக்குக் கீழே குறுக்காக, இடது வலமாக மாற்றிப் போட வேண்டும். கவ்வி கழன்றாலும் ஏர்க்கால் தரையில் குத்தாமல் ஏணையில் பிள்ளை விழுந்ததுபோல அதில் தங்கும். நேர் நேராக மாட்டினால் அந்த ஏணை கிடைக்காது.

சங்கிலியும் விட்டுவிட்டால் ஒரு கம்பி இழுபட்டுப் பின்வண்டியின் பிரேக்கைத் தானே போட்டுவிடும். அதற்கு வந்த "கழல்தடை" எனக்குப் பிடிக்கவில்லை, காலில் அணியும் கழல் நினைவுக்கு வருகிறது. இப்போதைக்குக் கழற்சி பிரேக். சக்கரத்துக்கு வைக்கும் கட்டை முட்டுக்கட்டைதான், தேருக்குப் போடுவோமே அதே. திருகினால் உயரும் முன்கால் ஊன்றுகால்.

சரி, இப்போது முக்கியமானது: பூட்டியது சரியா என்று பார்க்கிற பொறுப்புக்கு என்ன பெயர்?

> "பூட்டுக்கடன்" என்று வைத்தால் பொறுப்பும் வந்துவிடும், செய்யுள் நயமும் இருக்கும்.

ஐயா, கடன் என்றால் கடமை என்பது தெரியும். ஆனால் வட்டிக்கடை நடத்திய ஊரில் இருந்துகொண்டு இதைச் சொன்னால், வண்டியை அடகு வைத்துவிட்டாயா என்றுதான் கேட்பார்கள். பூட்டுப் பொறுப்பு என்றே இருக்கட்டும்.

பெயர்ச்சொல் கிடைத்துவிட்டது. ஆனால் சிக்கல் வினைச்சொல்லில்தான் இருக்கிறது என்று இரண்டு நாளாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. "மாட்டியாச்சு." இந்த "ஆச்சு"வுக்கு ஆள் கிடையாது. எழுத்தில் "ஆயிற்று" என்று போட்டாலும் அதே நிலைதான். காரியம் ஆனது தெரியும், செய்தவர் யார் என்பது தெரியாது. சாப்பிட்டாச்சு, குளிச்சாச்சு என்று சொல்ல அழகான வடிவம். ஆனால் மூன்று பேர் நிற்கிற இடத்தில் "மாட்டியாச்சு" என்றால், மற்றவர் மாட்டினார் என்று மூவருமே நினைக்கலாம். டெக்சாசில் நடந்தது அதுதான். நண்பன் பொய் சொல்லவில்லை. கடை ஆள் கவ்வியைப் பூட்டிவிட்டார் என்று நினைத்து "ஆச்சு" என்றான்.

கையேடுகளில் வரும் "பூட்டப்பட்டுள்ளதா என்பது உறுதிசெய்யப்பட வேண்டும்" இன்னும் மோசம். யாரால்?

ஆகவே அட்டையை முழுக்கத் தன்மையில், அதாவது "நான் செய்தேன்" என்ற வடிவில் எழுதுகிறேன். குமிழ் அளவும் கவ்வி அளவும் ஒன்றுதான் என்று படித்தேன். கவ்வியைப் பூட்டி ஊக்குப் போட்டேன். ஊன்றுகாலைத் திருகி உயர்த்திப் பார்த்தேன், காரின் பின்புறமும் சேர்ந்து எழும்பியது. சேமச் சங்கிலியைக் குறுக்காக மாட்டினேன். கழற்சி பிரேக் கம்பியைக் காரில் தனியாக மாட்டினேன், சங்கிலியில் மாட்டவில்லை. விளக்கு வயரைச் செருகினேன், பிரேக் விளக்கும் சைகை விளக்கும் எரிவதை இன்னொருவரைப் பார்க்கச் சொன்னேன். ஊன்றுகாலை முழுக்க மேலே ஏற்றினேன். முட்டுக்கட்டையைக் கடைசியாக எடுத்தேன்.

அடியில் கையெழுத்து. இசைகுடிமானம் என்று கல்யாணத்துக்கே ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடுகிற ஊர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓட்டப் போகிறவர் யாரோ அவர்தான் போட வேண்டும். வழியில் டீ குடிக்க நிறுத்திவிட்டுக் கிளம்பினாலும் மறுபடி ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும், ஓட்டுநர் மாறினால் புது ஓட்டுநர் பார்க்க வேண்டும். இவன் பெண்டாட்டியும் ஓட்டுவாள். தன்மைக்கு ஆண்பால் பெண்பால் இல்லாததால் ஒரே அட்டை இருவருக்கும் ஆகும், அது ஒரு வசதி.

ஒன்று மட்டும் பாக்கி. கவ்வி தானாகத் திறக்காமல் குறுக்கே செருகும் சின்ன ஊசிக்குக் "கடையாணி" என்று மூவர் எழுதியிருக்கிறீர்கள். கடையாணி அச்சின் முனையில் சக்கரம் கழலாமல் இருக்கப் போடுவது, சக்கரத்துக்குச் சொந்தமானது. பள்ளத்தூர்ச் சாலையில் ஒரு டிராக்டர்க்காரரை நிறுத்திக் கேட்டேன். பெரியதைப் "பின்னு" என்றார், அதன் முனையில் மாட்டும் வளைகம்பியை "ஊக்கு" என்றார். நான் ஊக்குப் பக்கம். சேலை ஊக்கு நினைவுக்கு வரும் என்பவர்கள் வேறு சொல் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அட்டையை அவனுக்கு அனுப்பியாக வேண்டும், அதற்குள் எழுதிவிடுங்கள்.