இரட்டைக் குழந்தை, சுகப்பிரசவம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

அக்காக்களே, தோழிகளே, எனக்கு இப்போது 34 வாரம். இரட்டை, தனித்தனி நஞ்சுக்கொடி, தனித்தனி பனிக்குடம். முதல் குழந்தை தலை கீழே இருக்கிறது. இரண்டாவது குறுக்கே சொகுசாகப் படுத்திருக்கிறது. மூத்தவள் சுகப்பிரசவம் என்பதால் இந்த முறையும் முயற்சி செய்யலாம், 37 வாரத்தில் வலி வரவைக்கலாம் என்கிறார் டாக்டர்.

"ரெட்டைன்னா ஆபரேஷன்தான்" என்று அத்தை தினமும் ஆரம்பிக்கிறார். முதல் குழந்தை தலை கீழே இருந்தால், முன்கூட்டியே திட்டமிட்டுச் சிசேரியன் செய்வதால் குழந்தைகளுக்குக் கூடுதல் நன்மை இல்லை என்று 2013இல் வந்த பெரிய ஆய்வைச் சொன்னேன். "ஆய்வா வந்து பிள்ளையப் பார்த்துக்கும்?" என்று கேட்டுவிட்டார்!

என் பயமெல்லாம் இரண்டாவது குழந்தையைப் பற்றித்தான். டாக்டர் உள்ளே கையை விட்டு, காலைப் பிடித்து எடுக்க வேண்டி வரலாமாம். அதனால் எபிடூரல் (முதுகில் போடும் வலி மரப்பு ஊசி) போட்டுக்கொள்வது நல்லது என்கிறார். அப்படிப் பெற்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வலி எப்படி இருந்தது? இரண்டு குழந்தைக்கும் இடையில் எவ்வளவு நேரம் ஆனது? முதலாவது சுகமாகப் பிறந்து, இரண்டாவதுக்கு மட்டும் ஆபரேஷன் ஆனவர்களும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், டாக்டரிடம் வேறென்ன கேட்டு வைக்கலாம்? ரத்தம் தயாராக இருக்குமா, ஆபரேஷன் தியேட்டர் பக்கத்திலேயே உண்டா என்று மட்டும்தான் இதுவரை கேட்டிருக்கிறேன்.