"பசியாறியாச்சா?"

முதலாளியின் பழக்கம் வேலையாட்களிடமும் ஒட்டிக்கொள்ளுமா? மலேசிய வாசகர்கள் மூவர் எழுதியவை.

பாயான் லெப்பாஸ், பினாங்கு

2001-ல் இங்கே உலோகத் தகட்டை அச்சில் அழுத்திச் சாமான் செய்யும் ஒரு ஸ்டாம்பிங் தொழிற்சாலையில் சேர்ந்தேன். முதலாளி சீனர். காலை 6:50-க்கு, ஷிப்டு மாறும் நேரத்தில், பஞ்ச் கார்டு மெஷின் பக்கத்தில் வந்து நிற்பார். யார் லேட் என்று பார்க்க நிற்கிறார் என்றுதான் முதல் நாள் நினைத்தேன். என்னைப் பார்த்ததும், "பசியாறியாச்சா?" என்றார். சுத்தமாக நம்ம தமிழில். இல்லை என்றேன். "போய்ச் சாப்பிட்டுட்டு வா, மெஷின் எங்கேயும் ஓடிப்போகாது" என்று மலாயில் சொல்லி, கண்டீன் பக்கம் கையைக் காட்டினார்.

அவர் வாலிபத்தில் ஹியூலெட் பேக்கார்டு (ஹெச்பி) என்ற அமெரிக்கக் கம்பெனியின் பினாங்கு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்தவர். 1972-ல் பாயான் லெப்பாஸுக்கு முதன்முதலில் வந்த கம்பெனிகளில் அதுவும் ஒன்று. அங்கே கேட்ட ஒரு கதையை அடிக்கடி சொல்வார். நிறுவனர்களில் ஒருவரான பில் ஹியூலெட் ஏதோ கருவி எடுக்க ஸ்டோருக்குப் போனாராம். பூட்டியிருந்தது. பூட்டை உடைத்துவிட்டு, இனிமேல் இதைப் பூட்டாதீர்கள் என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனாராம். எங்கள் டூல் ரூம் அலமாரிகளுக்கும் பூட்டு கிடையாது. நடுராத்திரி டை (தகட்டை அழுத்தும் அச்சு) உடைந்தால் யாரையும் எழுப்ப வேண்டாம். நோட்டில் பெயர் எழுதிவிட்டு மைக்ரோமீட்டரை எடுத்துக்கொள்ளலாம். என் காலத்தில் இரண்டு முறை சாமான் காணாமல் போனது. அப்போதும் அவர் பூட்டு வாங்கவில்லை.

2009 தொடக்கத்தில் ஆர்டர் பாதியாக விழுந்தது. சுற்றிலும் ஆள்குறைப்பு. ஒருநாள் எல்லாரையும் கண்டீனில் கூட்டினார். 1970-ல் ஹெச்பிக்கு ஆர்டர் குறைந்தபோது, யாரையும் நிறுத்தாமல், மேலிருந்து கீழ்வரை எல்லாரும் 10 விழுக்காடு சம்பளத்தை விட்டுக்கொடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒருநாள் வேலையைக் குறைத்துக்கொண்டதைச் சொன்னார். "நாமும் அப்படிச் செய்வோம். என் சம்பளத்தில் பாதியை முதலில் வெட்டுங்கள்" என்றார். கையிலிருந்த மைலோ குவளை நடுங்கியது. நான் முன்வரிசையில் இருந்தேன். ஏழு மாதம் அப்படியே ஓட்டினோம். ஓவர்டைம் இல்லாமல் மோட்டார் சைக்கிள் தவணை கட்ட நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆனால் ஒருத்தர்கூட வேலை இழக்கவில்லை.

அவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. இப்போது 6:50-க்கு சூப்பர்வைசர்கள் நிற்கிறார்கள். நிற்கச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் வந்ததில்லை. போன மாதம் சேர்ந்த நேப்பாளப் பையன் நேற்று என்னிடம், "அண்ணே, பசியாறியாச்சா?" என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான்.

செந்தூல், கோலாலம்பூர்

நான் பார்த்தது இதற்கு நேர்மாறு. முதலில் வேலை செய்த லாரி கம்பெனியில் முதலாளி யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "ஹோய்"தான். கிராணி (குமாஸ்தா) டிரைவரை "ஹோய்" என்பார், டிரைவர் கெலிண்டானை (லாரி உதவியாளை) "ஹோய்" என்பார். ஆறு மாதத்தில் நானும் வீட்டில் தம்பியை அப்படிக் கூப்பிட்டேன். அடுப்படியில் இருந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதமே அந்த வேலையை விட்டுவிட்டேன்.

புக்கிட் மெர்த்தாஜாம், பினாங்கு

முதலில் எழுதிய அண்ணன் சொன்ன அதே தொழிற்சாலையில் நான் 14 வருடம் ஆபரேட்டர். 2013-ல் எங்கப்பா தவறியபோது முதலாளி தீவிலிருந்து பாலம் தாண்டி வந்தார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர், சவப்பெட்டி எடுக்கும்வரை எழுந்து போகவில்லை. நம் நாட்டு வேலைச் சட்டத்தில் துக்க லீவு என்று ஒன்று இல்லை, முதலாளி மனசு வைத்தால்தான் உண்டு. கருமாதி எப்போது என்று கேட்டார். பதினாறாம் நாள் என்றேன். "அதுவரைக்கும் வராதே. சம்பளத்தை நான் பார்த்துக்கிறேன்."

அடுத்த வருடம் எங்கள் லைனில் இருந்த வங்காளதேசப் பையனுக்கு அம்மா இறந்த செய்தி வந்தது. டிக்கெட்டுக்குப் பணமில்லை. நாங்கள் யாரும் ஆபீசுக்குப் போய்க் கேட்கவில்லை. இடைவேளையில் ஒரு பிஸ்கட் டின்னைச் சுற்றில் விட்டோம். எண்ணிப் பார்த்தால் 1,140 வெள்ளி (ரிங்கிட்). முதலாளி கேள்விப்பட்டு இறங்கி வருவதற்குள் டின்னை மூடி டேப்பும் ஒட்டியாகிவிட்டது. தன் சட்டைப்பையிலிருந்த பேனாக்கத்தியால் அவரே டேப்பைக் கீறித் திறந்து, தன் பங்கைப் போட்டார்.