48-இலிருந்து 81.5 வரை: கிளாட் தேர்வை இரண்டாம் முறை எழுதிய அனுபவம்

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். மதுரை நீதிமன்றத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் என் சித்தப்பா, தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர கிளாட் என்றொரு தேர்வு இருப்பதைச் சொன்ன பிறகே அதைப் பற்றி அறிந்தேன். 2023 டிசம்பர் 3 அன்று முதன்முறையாக எழுதினேன். ஆங்கிலப் பத்திகளைக் கொடுத்து அவற்றிலிருந்து வினாக்கள் கேட்பார்கள்; 120 வினாக்களுக்கு 120 நிமிடம். ஒவ்வொரு தவறான விடைக்கும் கால் மதிப்பெண் குறையும். விட்டுவிட மனமில்லாமல் 118 வினாக்களுக்கு ஓஎம்ஆர் தாளில் வட்டங்களை நிரப்பினேன். 62 சரி, 56 தவறு. கையில் கிடைத்தது 48 மதிப்பெண்.

தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் கிடைக்கும் என்பதால், அங்கேயே சேர்ந்துவிடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். அதில் எந்தக் குறையும் இல்லை. ஆயினும், படித்துப் புரிந்துகொள்ள முடியாமல் போனதா, பதற்றத்தில் தவறிப்போனதா என்று தெரிந்துகொள்ளாமல் இந்தத் தேர்வை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஓராண்டு கேட்டேன், சித்தப்பா எனக்காகப் பேசினார்.

மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் இதே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நால்வரை அடுத்தடுத்துச் சந்தித்தேன். அவர்களில் ஒருவர், வேலைக்குப் போய்க்கொண்டே படித்த 26 வயது அக்கா. கிளாட் எழுத வயது வரம்பு இல்லை என்பதையே அவரைப் பார்த்துத்தான் அறிந்தேன். முதல் இரண்டு மாதங்கள் ஐவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே புத்தகத்தைப் படித்தோம். அது வீண் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். வேகமாகப் படிப்பவர் காத்திருந்தார், மெதுவாகப் படித்த நான் புரிந்ததுபோல் தலையசைத்தேன். மாதிரித் தேர்வுகளில் என் மதிப்பெண் ஐம்பதைச் சுற்றியே நின்றது.

அதன்பின் அக்கா சொன்னபடி முறையை மாற்றினோம். சனிக்கிழமை பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை, உண்மையான தேர்வு நேரத்திலேயே, அவரவர் வீட்டில் தனியாக மாதிரித் தேர்வை எழுதுவோம். மாலையில் நூலக வளாகத்தில் கூடி, ஐவரின் விடைகளும் ஒத்துப்போகாத வினாக்களை மட்டும் எடுப்போம். விடை சொல்பவர், அந்த விடைக்கு ஆதாரமான வரியைப் பத்தியில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் விடை சரியாகவே இருந்தாலும் அது ஊகம் என்று குறித்துக்கொள்வோம்.

என் மதிப்பெண்ணை மாற்றியது இந்த விரல் வைக்கும் பழக்கம்தான். ஒரு நாள் சட்டத் தர்க்கப் பத்தியில், ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவர் அது வெளியேறினால் பொறுப்பாவார் என்ற பழைய ஆங்கிலேய விதியும், இயற்கைச் சீற்றத்தால் நேர்ந்தால் பொறுப்பில்லை என்ற விலக்கும் தரப்பட்டிருந்தன. எதிர்பாராத பெருவெள்ளத்தில் தொழிற்சாலைத் தொட்டி உடைந்து, இரசாயனம் ஓர் உழவரின் கிணற்றில் கலந்துவிட்டது என்பது வினா. டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய தொழில்களுக்கு எந்த விலக்கும் கிடையாது என்று தீர்ப்பளித்ததைப் படித்திருந்ததால், தொழிற்சாலையே பொறுப்பு என்று நான் வாதிட்டேன். "அந்தத் தீர்ப்பு இந்தப் பத்தியில் எந்த வரியில் இருக்கிறது, சொல்லும்மா" என்று அக்கா கேட்டார். வரி இல்லை. தேர்வு கேட்பது, தரப்பட்ட விதியை, தரப்பட்ட நிகழ்வில் பொருத்திப் பார்ப்பதை மட்டுமே. எனக்குத் தெரிந்த சட்டமும் அந்த உழவர் மீதான இரக்கமும் சேர்ந்துதான் என்னைத் தவறான விடைக்கு இழுத்திருந்தன. பழைய மாதிரித் தேர்வுகளைத் திரும்பப் பார்த்தபோது, சட்டப் பகுதியில் நான் செய்த தவறுகளில் பெரும்பாலானவை இதே வகை என்று தெரிந்தது.

ஆங்கிலத்துக்கு வேறு வழி கண்டோம். நாளிதழின் தலையங்கத்தை ஒருவர் படித்து, மற்றவர்களுக்குத் தமிழில் எடுத்துரைப்போம். ஆசிரியர் எதை ஏற்கிறார், எதை மறுக்கிறார் என்று சொல்லத் திணறினால், மீண்டும் படிப்போம். நடப்பு நிகழ்வுகளும் இதிலேயே சேர்ந்து வந்தன.

ஆகஸ்டில் மூன்று வாரங்கள் என் மதிப்பெண் தொடர்ந்து குறைந்தது. நான்காவது சனிக்கிழமை போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டேன். மாலை ஏழு மணிக்கு அக்காவும் இன்னொருவரும் அன்றைய வினாத்தாளுடன் வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, என்னை அதை எழுதவைத்துவிட்டே கிளம்பினார்கள். அந்த மாலையை நன்றியோடு நினைக்கிறேன்.

2024 டிசம்பர் 1 அன்று 104 வினாக்களுக்கு மட்டும் விடையளித்தேன். 86 சரி, 18 தவறு, 81.5 மதிப்பெண். வரியைக் காட்ட முடியாத 16 வினாக்களை வெறுமனே விட்டுவிட்டு வந்தேன். எங்கள் ஐவரில் இருவருக்கு அந்த முறையும் எண்ணியது கிடைக்கவில்லை. அவர்களுடன் சனிக்கிழமை மாலைகளில் இன்னும் உட்காருகிறேன். இப்போது வரியைக் கேட்பது என் பொறுப்பு.