அப்பாவின் லிவிங் வில்: நகலை யாரிடம் கொடுப்பது?

நண்பர்களே, அப்பாவுக்கு 78 வயது. இனி நினைவு திரும்பாது என்று ஆகிவிட்டால் வென்டிலேட்டரில் போட்டு இழுத்தடிக்கக் கூடாது என்று நான்கு பக்கம் தன் கைப்பட எழுதி வைத்திருக்கிறார்; இப்படி முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் லிவிங் வில். "மூக்குல டியூப் வேண்டவே வேண்டாம்" என்ற வரிக்கு மட்டும் இரண்டு அடிக்கோடு.

2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இதை அனுமதிக்கிறது. முன்பு இதற்கு மாஜிஸ்திரேட் கையெழுத்தும் தேவைப்பட்டது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்றார்கள். சரி என்று போனால், "இது தற்கொலைக் கடிதம் மாதிரி இருக்கே சார்" என்று ஒரு நோட்டரி திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்புறம், நகலை உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டுமாம். "என் சாவு என் சொந்த விஷயம், அது பஞ்சாயத்து ஆபீஸ் பீரோவுல எதுக்குடா?" என்கிறார் அப்பா. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் அதே நீதிமன்றம் சொன்னதையும் எடுத்து வீசுகிறார். சொத்துக்காக யாரும் அவசரப்படுத்திவிடாமல் அரசு ஒரு கண் வைப்பதும் நியாயம்தான் என்று எனக்குப் படுகிறது. அதற்குத்தான் சிகிச்சையை நிறுத்தும் முன் நோயாளியின் நிலையைப் பார்த்து ஒப்புதல் தர இரண்டு மருத்துவக் குழு இருக்கிறதே என்பது அவர் வாதம்.

தமிழ்நாட்டில் யாராவது இதைச் செய்து முடித்திருக்கிறீர்களா? நகலை யார் வாங்கிக்கொண்டார்கள், ஒப்புகைச் சீட்டு தந்தார்களா? மதுரைப் பக்கம் விவரம் தெரிந்த நோட்டரி இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.