அம்மாயி வீட்டுச் சொந்தங்கள்: சேலை போட்டோ

*பொள்ளாச்சி சித்தி, காலை 9.12*
[படம்]
இந்த நெகமம் சேலை நெசத்துல அரக்குக் கலரு. போன்ல குங்குமச் செவப்பா விழுது. வாங்கறவங்க கலர் வேறன்னு திருப்பி அனுப்பறாங்க. ரிங் லைட் வாங்கட்டுமா, இல்ல போனையே மாத்தோணுமா?

*திருப்பூர் அண்ணன், 9.21*
ரெண்டும் வேண்டாஞ் சித்தி. நீங்க போட்ட படத்தைப் பெருசு பண்ணிப் பாருங்க. இடப்பக்க மடிப்பு நீலமா, வலப்பக்கம் மஞ்சளா இருக்குதுங்க. ஜன்னல் வெளிச்சமும் பல்பு வெளிச்சமும் கலந்துருச்சு. ஒண்ணைச் சரி பண்ணுனா இன்னொண்ணு கெட்டுப்போகும். பல்பு எல்லாத்தையும் அணைச்சுருங்க, ஜன்னல் ஒண்ணே போதும்.

*திருப்பூர் அண்ணன், 9.24*
அரக்கு வெளுக்கறதுக்கு இன்னொரு காரணம் இருக்குதுங்க. கருக்கலான துணியைப் பார்த்தா போன் தானாவே வெளிச்சத்தை ஏத்திரும். சேலை மேல விரலை அமுக்கிப் புடிச்சா போகஸ் பூட்டிக்கும், பக்கத்துல சூரியன் மாதிரி ஒரு குறி வரும். அதைக் கீழ இழுங்க. எண்ணு காட்டற போனா இருந்தா -0.7 கிட்ட வைங்க. சந்தனம், வெள்ளைச் சேலைக்கு நேர் எதிர், +0.7. இல்லாட்டி சாம்பலடிச்சுரும். கேமராவுல தானாக் கலரை மாத்தற ஏஐ சீன் மோடு ஆன்ல இருந்தா அணைச்சுருங்க, செவப்பை அதுவா தூக்கிவிடும்.

*கோவை தங்கச்சி, 9.30*
ஜன்னல் பக்கம் பளிச்சுன்னு இருக்கு, அக்கட்டால இருட்டாப் போகுதேண்ணா?

*திருப்பூர் அண்ணன், 9.33*
எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தும்மா. ஸ்டேஷனரி கடையில நூறு ரூபாய்க்குள்ள கிடைக்கும். சேலையிலிருந்து ரெண்டடி தள்ளி வை. கிட்டக் கொண்டுபோகப்போக நெழல் வெளுக்கும். ஜிகினாத் தாள் மட்டும் வேண்டாம், ஜரிகை மேல புள்ளி புள்ளியா மின்னும். பச்சைச் சுவத்துக்குப் பக்கத்துலயும் எடுக்காத, அந்தப் பச்சை துணி மேல ஏறிக்கும்.

*சென்னிமலை மாமா, 9.41*
அம்மிணி, ஜன்னலுக்கு நேரா துணியைக் காட்டாத, சப்பட்டையாத் தெரியும். வெளிச்சம் பக்கவாட்டுல இருந்து தடவிட்டுப் போறாப்புல தொங்கவிடு. அப்பத்தான் பாவும் ஊடையும் (நெட்டு நூலும் குறுக்கு நூலும்) ஏறி எறங்கறது கண்ணுக்குத் தெரியும். கைத்தறி வாங்கறவங்க தேடறதே அதைத்தான்.

*பொள்ளாச்சி சித்தி, 9.44*
சரிங்கண்ணா. பொடிக்கட்டம் போட்ட சேலையில மட்டும் அலை அலையாக் கோடு வருதே, அது என்னங்க?

*திருப்பூர் அண்ணன், 9.47*
நெசவுக் குத்தம் இல்லீங் சித்தி. கேமராவுக்குள்ள படம் புடிக்கற சென்சார்ல இருக்கற புள்ளி வரிசையும் நூல் வரிசையும் ஒண்ணு மேல ஒண்ணு விழறப்ப அப்படித் தெரியும். ஒரு சாண் முன்ன பின்ன நகருங்க, இல்லைன்னா போனை லேசாச் சாய்ங்க. ஸ்கிரீன்ல சின்னதாத் தெரியறப்ப மட்டும் அலை இருந்து, பெருசு பண்ணுனா இல்லைன்னா படம் நல்லாத்தான் இருக்குதுன்னு அர்த்தம்.

*கோவை தங்கச்சி, 9.50*
வாசல்லயே எடுத்துட்டா?

*திருப்பூர் அண்ணன், 9.53*
நேர் வெயில் ஆகாது. ஆசாரத்துல, அதாவது தாழ்வாரத்துல, வெயில் விழாத எடமா, காலைல 9 மணிக்கு மேல எடு. ஆனி ஆடி மேகமூட்டம் நல்ல வெளிச்சந்தான், ஆனா பாலக்காட்டுக் கணவாய்க் காத்து முந்தானையை நிக்க விடாது. அப்ப ரூமுக்குள்ள ஜன்னல்தான்.

முழுச் சேலைக்கு எட்டடி பின்னால வந்துரு. கிட்டப் போயி எடுத்தா கரை வளையும். போன் சேலையோட நடு உயரத்துல இருக்கோணும், நேராப் புடிக்கக் கேமராவுல கட்டக்கோடு (கிரிட்) ஆன் பண்ணிக்க. கரையை நெருக்கி எடுக்க கிட்ட எடுக்கறதுக்குன்னு இருக்கற 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா வேண்டாம், மசமசன்னு வரும். மெயின் கேமராவுல ஓரடி தள்ளி எடுத்து வெட்டிக்க.

*சென்னிமலை மாமா, 9.58*
ராத்திரி எடுக்கோணுமுன்னா?

*திருப்பூர் அண்ணன், 10.02*
வேற வழியில்லைன்னா மட்டுமுங்க மாமா. ஒரே மாதிரி பல்பா இருக்கோணும். நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், பல்பு விநாடிக்கு நூறு தடவை மினுக்கும். கேமரா புரோ மோடுல ஷட்டரை 1/50 விநாடி, இல்லைன்னா 1/100 விநாடின்னு வெச்சா படத்துல கருப்புப் பட்டை வராதுங்க. போனை ஸ்டேண்டுல வெச்சு ரெண்டு விநாடி டைமர் போட்டுக்கோங்க.

*பொள்ளாச்சி சித்தி, 10.05*
கலர் நெசமா வந்துருச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

*திருப்பூர் அண்ணன், 10.11*
மொதப் படத்துல சேலை மேல ஒரு வெள்ளைக் காகிதம் வைங்க. அப்பறம் படம் திருத்தற ஸ்நாப்சீட் ஆப்ல வைட் பேலன்ஸ் போயி, கலரைத் தொட்டு எடுக்கற டிராப்பரை அந்தக் காகிதத்து மேல வைங்க. அதுல வர்ற அளவையே மத்த படத்துக்கும் போடுங்க. நீலம் போட்டு வெளுத்த வேட்டியை மட்டும் வெச்சுராதீங்க. அதுவே நீலமா இருக்கறதால, அதை வெள்ளையாக்கப்போனா சேலை மஞ்சளடிச்சுரும். உங்க போன் டிஸ்ப்ளே கலர் மோடு விவிட்ல இருந்தா நேச்சுரலுக்கு மாத்திட்டு, சேலையைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

வாடிக்கைக்காரங்களுக்கு டாகுமென்ட்டா அனுப்புங்க. போட்டோவா அனுப்புனா வாட்ஸ்அப் சுருக்கிரும், நூலு தெரியாது. கீழ "அரக்கு"ன்னு எழுதியும் விடுங்க, அவங்க போன் எப்படிக் காட்டுமோ நம்ம கையில இல்லீங்க.